ஓட்டல் சுத்தமில்லை என்று புகார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவகச் சமையலறைகளில் சுகாதாரச் சோதனை செய்வது என் வேலை. அதனால் வெளியில் சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் தெரிந்தவர்கள் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்த்த அதே தடுமாற்றங்களைத்தான் இன்றும் பார்க்கிறேன். கோபம் நியாயமானது, ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதம் தப்பாகிவிடுவதால் அசுத்தமான கடை தப்பித்துவிடுகிறது. ஈ மொய்ப்பதைச் சாப்பிடாதீர்கள் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

சேவையையும் சுத்தத்தையும் ஒரே புகாரில் கலப்பது

சர்வர் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாடு லேட் என்பதெல்லாம் முதலாளியிடம் சொல்ல வேண்டியவை. ஒரே துணியால் மேசையையும் தட்டையும் துடைத்தார்கள் என்பது உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால், சேவைக்கு ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டு மற்றதை அப்படியே அமுக்கிவிடுவார்கள்.

கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின்மேல் பழி போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். தெரிந்த ஒருவருக்கு இரவுச் சாப்பாடு முடிந்த ஒரு மணி நேரத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. விடிந்ததும் அந்த உணவகத்துக்குப் போய்ச் சண்டை போட்டு, எழுத்திலும் புகார் கொடுத்துவிட்டார். மலப் பரிசோதனையில் வந்தது கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா. அது உடலுக்குள் போய் நோயாக வெளிப்படப் பொதுவாக 2 முதல் 5 நாள் ஆகும். மூன்று நாள் முன்பு வேறோர் இடத்தில் சரியாக வேகாத கோழியைச் சாப்பிட்டது அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. அதற்குள், குற்றமே இல்லாத ஒரு சமையலறையைச் சோதனைக்குப் போனவர்கள் குடைந்துகொண்டிருந்தார்கள், வேகாத கோழி பரிமாறிய இடத்துப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கிருமிக்குக் கிருமி இந்த இடைவெளி மாறும். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு என்றால் அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். சால்மொனெல்லா 6 மணி நேரத்திலும் வரலாம், 6 நாள் கழித்தும் வரலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் என்றால் 15 முதல் 50 நாள், அதற்குள் எங்கே சாப்பிட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

ஆகவே உடம்பு சரியில்லை என்றதும், முந்தைய சில நாட்களில் எங்கே, என்ன, யாரோடு சாப்பிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். வேறு வேறு வீட்டைச் சேர்ந்த இருவர் ஒரே ஒரு வேளை மட்டும் சேர்ந்து சாப்பிட்டு இருவருக்கும் நோய் வந்திருந்தால், அது வலுவான தடயம். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை போட்ட பிறகு கிருமி சிக்காமல் போகலாம்.

சூடாகத்தானே கொடுத்தார்கள் என்று நம்புவது

சமைத்து வெளியிலேயே கிடந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சும் அப்படித்தான்.

கையுறையைப் பார்த்து நிம்மதியாவது

உணவைத் தொடுபவர் அதே கையுறையோடு பணத்தையும் தொடுகிறாரா என்று பாருங்கள்.

பில்லைத் தூக்கிப் போடுவது

போடாதீர்கள்.

பரிமாறுபவரிடம் கத்துவது

அவர் கையில் ஒன்றும் இல்லை. கல்லாவில் இருப்பவரிடமோ மேலாளரிடமோ பேசுங்கள்.

"சுத்தமே இல்லை" என்று மட்டும் எழுதுவது

இப்படி வரும் புகாரை வைத்துக்கொண்டு சோதனைக்குப் போகிறவர் எதைத் தேடுவார்? நாங்கள் போகும் நேரத்தில் தரை கழுவப்பட்டிருக்கும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். "மதியம் சமைத்தது இரவு 8 மணிக்கும் அடுப்பில்லாமல் திறந்த பாத்திரத்தில் இருந்தது" என்ற ஒரு வரி போதும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் கிடக்கும் உணவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், அந்த வரியைப் படித்ததும் தெர்மாமீட்டரோடு அதே இரவு நேரத்தில் போய் நிற்க எங்களால் முடியும்.