பதின்பருவ உடற்பருமனுக்கு மரபணுதான் காரணமா? கணக்குத் தப்பும் இடங்கள்

முன்பெல்லாம் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி பெரியவர்களாகும் முன்பே இறந்துவிடும். இன்று உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறப்பது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அதனால் ஒரு காலத்தில் வடிகட்டப்பட்டிருக்கக்கூடிய மரபணுப் பிறழ்வுகளும் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இதைத் தளர்ந்த இயற்கைத் தேர்வு என்கிறார்கள். உடற்பருமன் பெருகுவதில் இதற்கும் பங்கிருக்கலாம் என்பது, நாடுகளை ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் வென்பெங் யூ, மாசே ஹென்னெபெர்க் ஆகியோர் வைக்கும் வாதம். ஒதுக்கித் தள்ள வேண்டிய கருத்தல்ல. ஆனால் இதை எடுத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள்.

முதல் வழுக்கல், காலக்கணக்கு. 5 முதல் 19 வயதுள்ளவர்களில் உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் 2 விழுக்காடு, 2022இல் 8 விழுக்காடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடையில் 32 வருடங்கள், அதாவது ஒரு தலைமுறைதான். அதற்குள் ஒரு மக்கள்தொகையின் மரபணுக்கள் நான்கு மடங்கு உயர்வைத் தரும் அளவுக்கு மாறாது. மாறியது சாப்பாடு, தூக்கம், உட்கார்ந்தே கழியும் நேரம். மரபணு, யாருக்கு எடை சட்டென்று ஏறும் என்பதை வேண்டுமானால் தீர்மானிக்கலாம்.

அடுத்தது, நாடுகளை ஒப்பிட்டு வந்த முடிவை ஒரு பையன் தலையில் சுமத்துவது. குழந்தை இறப்பு குறைந்த நாடுகளில் பருமன் அதிகம், சரி. அதே நாடுகளில்தான் காரும் திரையும் பொட்டலத் தீனியும் அதிகம். வருமானம் போன்றவற்றைப் புள்ளியியலில் கழித்துப் பார்த்தாலும், நாட்டுச் சராசரி தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது. சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950லேயே காட்டிய பிழை இது.

அப்புறம், இதைச் 'சிக்கன மரபணு'வோடு குழப்புகிறவர்கள். மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962இல் சொன்னது நேர் எதிரானது: பஞ்சத்தில் தாக்குப்பிடிக்க உதவியதால் அந்த மரபணுக்களை இயற்கைத் தேர்வே தூக்கிப் பிடித்தது என்றார். தளர்ந்த தேர்வுக்கு நெருங்கியது உயிரியலாளர் ஜான் ஸ்பீக்மன் சொல்வது. கொடிய விலங்குகளிடமிருந்து தப்பி ஓட வேண்டிய நெருக்கடி குறைந்ததும் எடைக்கு இருந்த மேல்வரம்பு தளர்ந்தது என்கிறார். ஆனால் அவர் பேசுவது சுமார் இருபது லட்சம் வருடத்துக்கு முந்தைய கதை!

இன்னொன்று எனக்கு எரிச்சலூட்டுவது: 'மருத்துவம் காப்பாற்றியதால்தான் இந்தக் கதி' என்ற பேச்சு. பங்கிருக்கலாம் என்பது வேறு, அதுதான் காரணம் என்று பழி போடுவது வேறு; அது அறிவியலே அல்ல.

கடைசியாக, 'மரபணு என்றால் தலையெழுத்து' என்ற நினைப்பு. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத, தீராப் பசியோடிருந்த ஒரு ஒன்பது வயதுச் சிறுமிக்கு அந்த ஹார்மோனை ஊசியாகக் கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் 16 கிலோ குறைந்தது. 1999இல் வெளியான ஆய்வு அது. அவளுடைய மரபணு அப்படியேதான் இருந்தது.