பாறைத் தோட்டத்தில் பாஸ்க் மலர்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

குளிர்நாடுகளில் பனி உருகி, பிற செடிகள் துளிர்ப்பதற்கு முன்பே, வெண்பட்டு போன்ற மென்மயிர் போர்த்திய மொட்டுகளுடன் மண்ணை விட்டு எழுவது பாஸ்க் மலர். ஈஸ்டர் திருநாளை ஒட்டிப் பூப்பதால் அமைந்த பெயர் இது. தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் ‘பாஸ்கா’ என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இதன் வட அமெரிக்க உறவினத்தை அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் 1903-லும், கனடாவின் மானிடோபா மாகாணம் 1906-லும் தம் மலராக ஏற்றுக்கொண்டன. இங்கே நான் விளக்குவது, ஐரோப்பாவின் சுண்ணாம்பு மண் புல்வெளிகளுக்கு உரியதும் தோட்டத்தில் எளிதில் நிலைப்பதுமான பல்சட்டில்லா வல்காரிஸ் என்னும் இனத்தைப் பற்றியே. உறைகுளிர் இதற்குத் தேவை என்பதால், குளிர்நாடுகளில் வாழும் வாசகர்களுக்கே இக்குறிப்பு பயன்படும்.

முதல் படி: இடம்

நாள்தோறும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழும், சற்றே சரிந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: மண்

இச்செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிரன்று, குளிர்காலத்தில் வேரைச் சுற்றித் தேங்கும் ஈரமே. ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை மண்ணுக்கே செலவிடுங்கள். 30 செ.மீ. ஆழத்திற்குத் தோண்டி, தோட்டமண், மட்கிய இலைத்தூள், கரடுமணல் அல்லது பொடிச் சரளை ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது மேலே குட்டையாக நின்றால், சரளையைக் கூட்டிப் பாத்தியைச் சற்று உயர்த்துங்கள். மண் புளிப்புத்தன்மை உடையதாக இருந்தால் சிறிது சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்கலாம். எருவை அள்ளிக் கொட்ட வேண்டாம். கொழுத்த மண்ணில் இது தளர்ந்து வளரும்.

மூன்றாம் படி: விதைப்பு

கோடையின் தொடக்கத்தில் முதிர்ந்து உதிரும் புதிய விதையை அப்போதே விதைப்பது மிகச் சிறந்தது. அது சில வாரங்களில் முளைத்துவிடும். கடையில் வாங்கிய பழைய விதையாயின், ஈர மணலில் கலந்து 4 முதல் 6 வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து விதையுங்கள். விதையின் மேல் மெல்லிய மணல் தூவினால் போதும். முளைப்பு சீராக இருக்காது என்பதால், வெறுமையாகத் தோன்றும் விதைத்தட்டையும் அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.

நான்காம் படி: நடவு

ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாதலால், நாற்றுகளை உயரமான தொட்டிகளில் வளர்த்து, வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டதும், மண்கட்டி உடையாமல் 30 செ.மீ. இடைவெளியில் நட்டு, தண்டின் அடியைச் சுற்றிச் சரளை பரப்புங்கள். அதன்பின் இடம் மாற்றக் கூடாது; வேர் அறுபட்டால் மீள்வது கடினம். இக்காரணத்தாலேயே காட்டிலிருந்து பிடுங்கி வரும் செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. இங்கிலாந்தில் இம்மலர் மிகச் சில புல்வெளிகளில் மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையில், அவ்வாறு பிடுங்குவது பெருந்தீங்கும் ஆகும்.

ஐந்தாம் படி: பராமரிப்பு

முதற் கோடையில் மேல்மண் உலரும்போதெல்லாம் நீர் விடுங்கள். வேரூன்றிய செடி வறட்சியைத் தாங்கும். இளந்துளிர்களை நத்தைகள் தின்னாமல் மாலையில் பார்வையிடுங்கள். செடி முழுதும் நச்சுத்தன்மை உடையது. சாறு தோலில் எரிச்சல் உண்டாக்கும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள், குழந்தைகளை எட்ட வையுங்கள்.

பூக்க இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகலாம். வெயிலில் விரிந்து, மேகமூட்டத்தில் குவியும் அந்த ஊதாக் கிண்ணங்களைத் தேடி, வேறு பூ அதிகம் இல்லாத அப்பருவத்தில் தேனீக்கள் வரும். இதழ்கள் உதிர்ந்ததும் காம்பை வெட்டிவிடாதீர்கள். பிறகு தோன்றும் இறகுக் கொத்துகள் பூவுக்கு இணையான அழகுடையவை என்பது என் கருத்து. அக்கொத்து தளர்ந்து, விதைகள் கையோடு எளிதில் வரும் நாளில் சேகரித்து, அந்த வாரத்திலேயே அடுத்த தட்டில் விதைத்துவிடுங்கள்.