பூச்சிப் படை உண்மையிலேயே அவ்வளவு பயங்கரமா? ஏலியன் கூட்டங்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளிக் கதை ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த வாக்குவாதம் வந்தே தீரும். வார்ஹாமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் கற்பனை உலகத்தில் வரும் டைரனிட்கள் என்ற பூச்சிபோன்ற ஏலியன்கள் கிரகம் கிரகமாக விழுங்குகின்றன என்று சொல்வார்கள். ஆனால் கையில் கிடைக்கும் கதைகள் பலவற்றில் அவை தோற்று ஓடுகின்றன. ஸ்டார் டிரெக் தொடரில் வரும் ‘போர்க்’ (Borg) என்ற பாதி இயந்திர ஏலியன் கூட்டம் தன்னை எதிர்ப்பதே வீண் வேலை என்று மிரட்டும். எதிர்த்தவர்களோ அடுத்த வார எபிசோடுக்கு முழுசாக வந்து நிற்கிறார்கள். அப்படியானால் இவற்றுக்கு இருக்கும் பெயர் வெறும் பில்டப்தானா?

சிலவற்றுக்கு ஆமாம், சிலவற்றுக்கு இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு வர நாம் பார்ப்பது பெரும்பாலும் பல்லையும் நகத்தையும் அமில எச்சிலையும்தான். ஒரு கூட்டத்தின் பலம் அதிலுள்ள ஒரு உயிரின் உடம்பில் இல்லை. இழந்ததை எவ்வளவு சீக்கிரம் ஈடுகட்டுகிறது, அதற்கான தீனி எங்கிருந்து வருகிறது, எதை வெட்டினால் அது நிற்கும் என்ற மூன்றையும் பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு எதுவும் தேறாது.

முதலில் ஒரு சின்னத் தவறை ஒதுக்கிவிடலாம். விளையாட்டில் தோற்பதை வைத்து ‘இவ்வளவுதானா’ என்று கேட்பது. வார்ஹாமரை மேசையில் ஆடும்போது வழக்கமாக இரு பக்கமும் 2000 புள்ளிக்குப் படை எடுக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சம வாய்ப்பு வர வேண்டும் என்றே போட்ட விலைப்பட்டியல் அது. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் கணினி விளையாட்டிலும் இதே கதை. 50 மினரலுக்கு (விளையாட்டின் பணம்) ஒரு ஜோடி ஸெர்க்லிங் என்ற குட்டிப் பூச்சிவீரர்கள் கிடைக்கும், ஆனால் படை அளவுக்கு எல்லா இனத்துக்கும் 200 சப்ளைதான் உச்சவரம்பு, ஒரு ஜோடிக்கு ஒரு சப்ளை. ஸெர்க்லிங்கை மட்டுமே பெருக்கினாலும் 400-க்கு மேல் போகாது. விளையாட்டு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் கூட்டத்தை முடக்கித்தான் ஆக வேண்டும், அதனால் விளையாட்டு முடிவு இந்த விவாதத்துக்குச் சாட்சியாகாது.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

‘அவை லட்சம், இவர்கள் நூறு, ஆகவே அவைதான் ஜெயிக்கும்’ என்பது ஒரு கட்சி. ‘துப்பாக்கி இருக்கிறதே, சுட்டுத் தள்ளிவிடலாம்’ என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேருமே தூரத்தையும் நேரத்தையும் மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1916-இல் வெளியிட்ட போர்க் கணக்கு இங்கே உதவும். கைகலப்பில் ஒருவரோடு ஒருவர்தான் மோத முடியும் என்பதால் பத்து மடங்கு எண்ணிக்கையைப் பத்து மடங்கு திறமை சமன்செய்துவிடும். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் சண்டையில் பலர் சேர்ந்து ஒருவனையே சுடலாம், அதனால் எண்ணிக்கையின் பலன் இருபடியாக ஏறுகிறது. அங்கே பத்து மடங்கு எண்ணிக்கையைச் சமன்செய்ய நூறு மடங்கு திறமை வேண்டும். அதாவது எண்ணிக்கை மிகுதியால் அதிக லாபம் அடைவது துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான். நகத்தால் கீறும் கூட்டத்துக்கு அந்த லாபம் கிடையாது. நகக் கூட்டம் ஜெயிக்க வேண்டுமானால் சுடும் நேரத்தை விழுங்கிக்கொண்டு கிட்டே வந்துவிட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 வீரர்கள், முன்னால் 300 மீட்டர் வெட்டவெளி. பூச்சி நொடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது, வந்து சேர 20 நொடி. ஒவ்வொரு வீரனும் 2 நொடிக்கு ஒன்றை வீழ்த்தினால் ஆளுக்கு 10, மொத்தம் 1000. ஒன்றுக்கு 3 குண்டு என்றால் 30 குண்டு மேகசின் அந்த இருபதாவது நொடியில்தான் காலியாகும். 1000 பூச்சிகள் வந்தால் கடைசிப் பூச்சி வீரனின் பூட்ஸ் அருகே விழும், மனிதர்களில் ஒருவருக்கும் கீறல் இருக்காது. 1500 வந்தால் மீதி 500 வரிசைக்குள் புகுந்துவிடும், அந்த நேரத்தில் எல்லார் கையிலும் காலி மேகசின்தான் இருக்கும். ஒன்றரை மடங்கு வித்தியாசம்தான், முடிவு தலைகீழ். நல்ல கதையில் கூட்டம் பயமுறுத்துவது இந்த விளிம்பில்தான். பத்து லட்சம் என்று அள்ளி விடுவதால் பயம் பத்து மடங்கு ஆகாது.

இதே கணக்கு இன்னொரு பழைய நம்பிக்கையையும் உடைக்கிறது. குறுகிய தாழ்வாரத்தில் நின்றால் சமாளித்துவிடலாம் என்று எல்லாக் கதாநாயகர்களும் ஓடுவார்கள். தாழ்வாரம் நீளமாக, நேராக இருந்தால் சரி. 20 மீட்டரில் ஒரு திருப்பம் வந்துவிட்டால் பூச்சி கண்ணில் பட்டதிலிருந்து கழுத்துக்கு வர 1.3 நொடிதான் ஆகும், ஒரு பூச்சியைக்கூட வீழ்த்த நேரமில்லை. அகலம் குறைவு என்பதால் பின்னால் நிற்பவர்கள் சுடவும் முடியாது. எண்ணிக்கையின் பலனை இடுக்கு இரு தரப்புக்குமே பறிக்கிறது. துப்பாக்கிக்காரனுக்கு அதோடு தூரமும் போகிறது.

தீனியை மறப்பது

எழுதுபவர்களும் ரசிகர்களும் ஒரே மாதிரி சறுக்கும் இடம் இது. 20 கிலோ எடையுள்ள பாலூட்டி சும்மா கிடந்தாலே நாளுக்கு ஏறக்குறைய 660 கிலோகலோரி எரிக்கும். ஓடிச் சண்டை போட்டால் மூன்று மடங்கு என்று வைத்தால் 2000. பத்து லட்சம் உயிர்களுக்கு நாளொன்றுக்கு 200 கோடி கிலோகலோரி, அரிசிக் கணக்கில் சுமார் 570 டன். குளிர் ரத்த உயிர் என்றால் செலவு வெகுவாகக் குறையும், ஆனால் அப்போது நாள் முழுக்க விடாமல் துரத்துகிறது என்று எழுத முடியாது. நிஜ உலகத்திலும் கூட்டத்தின் கொடுமை அதன் வயிற்றில்தான் இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டத்தில் 8 கோடி வரை இருக்கலாம், அது ஒரே நாளில் 35,000 பேரின் சாப்பாட்டுக்குச் சமமானதைத் தின்றுவிடும். யாரையும் அது கடிப்பதில்லை.

கிரகத்தையே தின்னும் கூட்டம் என்றால் கணக்கு இன்னும் சுவாரசியமாகிறது. 2018-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி பூமியில் உள்ள உயிர்களில் அடங்கிய கார்பன் சுமார் 55,000 கோடி டன். அதில் தாவரங்கள் 45,000 கோடி, பாக்டீரியா 7,000 கோடி, விலங்குகள் எல்லாம் சேர்ந்து 200 கோடி, மனிதர்கள் வெறும் 6 கோடி. ஆகவே உண்மையிலேயே பசியோடு வரும் கூட்டம் முதலில் அமேசான் காட்டில்தான் இறங்கும். சென்னையோ நியூயார்க்கோ அதன் பட்டியலில் வெகு கீழே. மனிதர்களைத் தெருத்தெருவாகத் துரத்திச் சாப்பிடும் ஏலியன், பந்தியில் இலையை விட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் தேடுகிற ஆள்.

அடுத்தது எரிசக்தி. ஒரு கிலோ எடையைப் பூமியின் ஈர்ப்பிலிருந்து முழுவதுமாக விடுவிக்கக் குறைந்தது 6.2 கோடி ஜூல் தேவை. ஒரு கிலோ காய்ந்த தாவரத்தை எரித்தால் கிடைப்பது சுமார் 1.8 கோடி ஜூல். தின்பதில் கிடைப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல் தூக்கிப் போவதற்கே செலவாகிறது. அவ்வளவு சக்தியை வேறெங்கிருந்தோ பெற முடிகிற கூட்டம், ஈர்ப்பு மிகக் குறைந்த கார்பன் வகைச் சிறுகோள்களைக் கொறித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே? கிரகத்துக்கு ஏன் வர வேண்டும்?

டைரனிட்களை உருவாக்கியவர்கள் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குச் சதை மட்டும் போதாது, மரபணுவும் வேண்டும். எந்த உயிர் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற தகவல் வேண்டும். தகவலுக்கு எடை கிடையாது, உயிரில்லாத சிறுகோளில் அது கிடைக்கவும் கிடைக்காது. சொந்தமாகக் கூட்டம் ஒன்றைப் படைக்கிறவர்கள் பல்லை வரைவதற்கு முன்னால், அது கிரகத்தில் இறங்கியே தீர வேண்டிய காரணத்தை இதுபோல யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

ராணியைக் கொன்றால் முடிந்தது என்று நினைப்பது

சோம்பேறித்தனமான முடிவுகளில் முதலிடம் இதற்குத்தான். ராணி செத்ததும் லட்சக்கணக்கான போர்வீரப் பூச்சிகள் சாவி தீர்ந்த பொம்மைபோலச் சரியும். தேன்கூட்டில் நடப்பதே வேறு. ராணி உத்தரவு போடுவதில்லை, முட்டை போடுகிறது. அது இல்லாமல் போனதை வேலைக்காரத் தேனீக்கள் சில மணி நேரத்தில் உணர்ந்து, மூன்று நாளுக்கு உட்பட்ட சாதாரண இளம்புழுக்களில் சிலவற்றுக்கு ராணித் தீனி ஊட்டத் தொடங்குகின்றன. முட்டையிலிருந்து ராணி வெளிவர மொத்தம் 16 நாள்தான். இடையில் கூடு கொட்டுவதையும் நிறுத்தாது, தேன் சேர்ப்பதையும் நிறுத்தாது.

தலைமை இல்லாத கூட்டம் வேறு விதமாகத்தான் அழியும். இயற்கையாளர் வில்லியம் பீபி, அன்றைய பிரிட்டிஷ் கயானாவில் பார்த்த படை எறும்பு வட்டத்தைப் பற்றி 1921-இல் எழுதினார். முன்னால் போகும் எறும்பின் வாசனையைப் பின்னால் வருவது பிடித்துக்கொண்டு, 1200 அடிச் சுற்றளவில் ஒரே வட்டமாக நடந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஓர் எறும்புக்கு இரண்டரை மணி நேரம். பெரும்பாலானவை நடந்தே செத்தன. ராணியை யாரும் தொடவில்லை, செய்தி மட்டும்தான் கெட்டது.

இனப்பெருக்க இடத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நிஜ உதாரணம் இருக்கிறது. 1875-இல் அமெரிக்காவின் மேல் பறந்த ராக்கி மலை வெட்டுக்கிளிக் கூட்டம் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவியதாகக் கணக்கிட்டார்கள். உயிரோடு அந்த இனம் கடைசியாகக் காணப்பட்டது 1902-இல். அது முட்டையிட்டுவந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் குடியேறிகள் உழுது பாசனம் செய்ததுதான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எந்தத் தளபதியும் திட்டமிடாத வெற்றி அது.

இந்த விஷயத்தில் ஸ்டார் டிரெக்கின் ‘போர்க்’ கூட்டத்தின் சரிவு தெளிவாகத் தெரியும். 1990-இல் வந்த எபிசோடில் ஒரே ஒரு கனசதுரக் கப்பல் உல்ஃப் 359 போரில் பூமி தரப்பின் 39 கப்பல்களை அழித்தது, ஏறக்குறைய 11,000 பேர் செத்தார்கள். பேரம் பேசத் தலைமை என்று ஒன்று இல்லை. அந்தக் கப்பலைத் தூங்கவைக்கும் கட்டளை கொடுத்துத்தான் பூமி தப்பித்தது, அந்தத் தந்திரமும் அந்த ஒரு கப்பலோடு சரி. 1996 திரைப்படத்தில் ராணி வந்தாள். நாடகத்துக்கு நல்ல பாத்திரம், மறுக்கவில்லை. ஆனால் அன்றோடு கூட்டத்துக்கு ஒரு கழுத்து முளைத்துவிட்டது. 2001-இல் ஸ்டார் டிரெக்கின் வாயேஜர் தொடரின் கடைசி எபிசோடில் அந்த ஒருத்திக்குள் நோய்க்கிருமியைச் செலுத்தியதும் ஆட்டம் கண்டது. போர்க்கைப் பற்றிய எங்கள் தீர்ப்பு இதுதான்: முதல் சில எபிசோடுகளுக்கு அந்தப் பெயர் பொருந்தும், பிற்பாடு பொருந்தாது.

கதாநாயகன் பக்கம் நின்று மட்டும் பார்ப்பது

டைரனிட்கள் தோற்கும் போர்கள் ஏன் அதிகம் கண்ணில் படுகின்றன? முழுசாக விழுங்கப்பட்ட கிரகத்திலிருந்து கதை சொல்ல ஒருவரும் மிஞ்சுவதில்லை, அதனால் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். மாக்ரேக் கிரகத்தில் டைரனிட்களோடு நடந்த போர் வெற்றி என்று கொண்டாடப்படுகிறது, ஆனால் அங்கே அல்ட்ரமரீன்கள் என்ற மனிதச் சிறப்புப் படையின் முதல் கம்பெனி கடைசி ஆள்வரை செத்தது. எதிரிக் கப்பல் கூட்டத்தை முடிக்க ஒரு பெரும் போர்க்கப்பல் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பாயவைக்கும் தன் வார்ப் எஞ்சினையே வெடிக்கவைத்துக்கொண்டது. அதன்பிறகும் கிராக்கன், லெவியதான் என்று அடுத்தடுத்த டைரனிட் கப்பல் கூட்டங்கள் வந்தன.

எந்தக் கூட்டத்தையும் எடைபோடும்போது வெற்றி தோல்விப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எதிராளி அதற்காகத் தன்னிடமே எதை அழித்துக்கொண்டான் என்று பாருங்கள். லெவியதானைப் பட்டினி போட, மனிதப் பேரரசின் இன்குவிசிட்டர் (ரகசிய விசாரணை அதிகாரி) கிரிப்ட்மன் அதன் பாதையில் இருந்த மனிதக் கிரகங்களையே அழிக்க உத்தரவிட்டார். சொந்த ஆட்களே அவரைத் துரோகி என்று ஒதுக்கினார்கள். பிறகு கூட்டத்தை ஆர்க் என்ற சண்டைக்கார ஏலியன் இனத்தின் பேரரசான ஆக்டேரியஸ் பக்கம் திருப்பிவிட்டார். சண்டை வளர்ந்தால் இரண்டு தரப்புமே வலுக்கும் அபாயம் தெரிந்தே செய்தது. தீனியைக் குறிவைத்தது சரியான யோசனை, விலைதான் தாங்க முடியாதது. இந்த அளவுகோலில் டைரனிட்கள் தங்கள் பெயருக்குத் தகுதியானவையே.

கடைசியாக, வானத்தை மட்டும் பார்ப்பது. டைரனிட் கப்பல்கள் வருவதற்குத் தலைமுறைகள் முன்பே ஜீன்ஸ்டீலர்கள் என்ற டைரனிட் வகை உயிர்கள் உள்ளூர்க் குடும்பங்களுக்குள் புகுந்துவிடுகின்றன. நாலாம் தலைமுறைக் கலப்புப் பிள்ளைகள் பார்வைக்கு மனிதர்கள்தான், காவலிலும் சுரங்கத்திலும் வேலை பார்ப்பார்கள், நேரம் வந்ததும் பாதுகாப்பு அரண்களை உள்ளிருந்தே முடக்குவார்கள். கடைகளில் இவர்கள் தனிப் படையாக விற்கப்படுவதால் டைரனிட் கணக்கில் பலர் இவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்காமல் போட்ட கணக்கு எதுவானாலும் அதைத் திரும்பப் போட வேண்டும்.