ருத்தேனியம் வினையூக்கிக்கு மக்னீசியம் ஆக்சைடு தாங்கி தயாரிக்கும் முறை

அம்மோனியா ஆலைகளில் பெரும்பாலும் பயன்படும் இரும்பு வினையூக்கி, மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடை அலுமினா, பொட்டாஷ் முதலியவற்றுடன் சேர்த்து உருக்கிச் செய்யப்படுவதால் அதற்குத் தனியாகத் தாங்கி (வினையூக்கி உலோகத்தைப் பரப்பி வைக்கும் அடிப்பொருள்) வேண்டியதில்லை. அதே அம்மோனியா தயாரிப்புக்கு உதவும் ருத்தேனியம் அப்படியன்று. நைட்ரஜனின் பிணைப்பு தளர, உலோகம் அதற்கு எலெக்ட்ரானைத் தர வேண்டும். காரத்தன்மையுள்ள மக்னீசியம் ஆக்சைடு அதற்குத் துணைநிற்கும், எஞ்சிய குளோரைடோ எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

மக்னீசியம் நைட்ரேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அம்மோனியா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவும். சோடியம் ஹைட்ராக்சைடில் விளைச்சல் கூடும். ஆனால் சோடியம் தாங்கியில் தங்கிவிடும் என்பதால் அம்மோனியாவே என் தேர்வு.

கூழாக விழும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவு வடிதாளை அடைத்துவிடும், சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவுவதுதான் நல்லது. எண்ணூர்ப் பக்கம் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும். கண்ணாடிக் கலன்களைக்கூட அதில் அலச வேண்டாம். குளோரைடு இருக்கிறதா என்று பார்க்கக் கழுவிய நீரில் நேரடியாகச் சில்வர் நைட்ரேட்டை விட்டால் ஏமாற்றமே மிஞ்சும். மிச்சமிருக்கும் அம்மோனியாவில் சில்வர் குளோரைடு கரைந்து, குளோரைடு இருந்தும் நீர் தெளிவாகவே தெரியும். நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, நீல லிட்மஸ் சிவந்த பிறகே சில்வர் நைட்ரேட்டை விட வேண்டும். சோதனைக்குழாயின் பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்தால் மெல்லிய வெண்கலங்கலும் கண்ணில் படும். அம்மோனியம் நைட்ரேட் எஞ்சிய பொருளைச் சூடாக்குவது ஆபத்து என்பதாலும் கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது.

உலர்த்தியதை 500 டிகிரி செல்சியஸில் சுடவும். வெப்பம் மிகுந்தால் துகள்கள் ஒட்டிப் பரப்பு குறையும். உலர்ந்த 1 கிராம் ஹைட்ராக்சைடு ஏறக்குறைய 0.69 கிராம் ஆக்சைடாக வேண்டும். இராயபுரத்துக் கடற்காற்றில் திறந்து வைத்தால் அது ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சி எடை கூடும். சூடு தணிவதற்குள் டெசிக்கேட்டருக்கு (ஈரம் புகாத மூடிய கலன்) மாற்றவும். தாங்கியின்மேல் ருத்தேனியத்தை ஏற்றுவதற்கும் தண்ணீர் ஆகாது, ஆக்சைடு மீண்டும் ஹைட்ராக்சைடாகிவிடும். உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்த ருத்தேனியம் கார்பனைல் ஏற்றது.

பின்சேர்க்கை: மலிவான ருத்தேனியம் குளோரைடு போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஹைட்ரஜனில் ஒடுக்கும்போது குளோரினில் ஒரு பகுதி வெளியேறினாலும், காரத் தாங்கி மீதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கார்பனைல் கிடைக்காதவர்கள் குளோரின் இல்லாத ருத்தேனியம் அசிட்டைல்அசிட்டோனேட்டை அதே கரைப்பானில் பயன்படுத்தலாம்.