பனம்பழமும் நிலாவும்: கெப்ளர் விதியிலிருந்து ஈர்ப்பு விதிக்கு

கெப்ளர் விதிகளை ஒரு பாடமாகவும் ஈர்ப்பு விதியை வேறொரு பாடமாகவும் மனப்பாடம் செய்கிறவர்களுக்கு, முன்னதிலிருந்தே பின்னது பிறக்கிறது என்பதைத் தாளில் கணக்கிட்டுக் காட்டுவதே சிறந்த வழி. இராமேசுவரம் தீவில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரும் முறை இது.

படி 1: கெப்ளர் முதல் இரு விதிகளை 1609-இலும் மூன்றாவதை 1619-இலும் வெளியிட்டார். கோளையும் சூரியனையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என்ற இரண்டாம் விதி, விசை சூரியனை நோக்கியே இருப்பதை உணர்த்துகிறது. விசையின் அளவைத் தருவது மூன்றாம் விதி.

படி 2: பாதையை வட்டமாகக் கொள்வோம். வட்டத்தில் சுற்றும் பொருளின் மையநோக்கு முடுக்கம், 39.48 (அதாவது 4π²) × தொலைவு ÷ சுற்றுக் காலத்தின் இருமடி. மூன்றாம் விதிப்படி காலத்தின் இருமடி தொலைவின் மும்மடிக்கு நேர்த்தகவில் இருப்பதால், அதைப் பதிலிட்டால் முடுக்கம் தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் அமைகிறது. ஈர்ப்பு விதியின் உயிர்நிலை இதுவே.

படி 3: இனி நிலாவை வைத்துச் சோதிக்கலாம். மரத்திலிருந்து விழும் பனம்பழத்தின் முடுக்கம் 9.8 மீ/வி². நிலா, புவி மையத்திலிருந்து புவி ஆரத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு தொலைவில் உள்ளது. எனவே அங்கு முடுக்கம் 9.8 ÷ 3,600, அதாவது 0.00272 ஆக இருக்க வேண்டும்.

இதைச் சுற்றுக் காலத்திலிருந்து சரிபார்க்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். அமாவாசையை வைத்தே கடலின் ஏற்றவற்றத்தைக் கணிக்கும் நம் கரையில், நிலாவின் காலம் என்றதும் எல்லோரும் 29.53 நாள் என்றே எழுதுவார்கள், படி 2-இன் வாய்பாட்டில் அதைப் பதிலிட்டால் விடை 0.00233 என்று வரும். நமக்கு வேண்டியது விண்மீன்களை வைத்து அளந்த 27.32 நாள். கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலா கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே நிற்கும். 27 நாள் கழித்து அதே கூட்டத்தருகே திரும்பிவிடும், ஆனால் முழுமை பெற்றிராது. அதற்குள் புவி சூரியனைச் சுற்றி நகர்ந்துவிட்டதால், நிலா மேலும் இரண்டு நாள் ஓடித் திருவாதிரைப் பக்கம் சென்ற பின்னரே பௌர்ணமி வாய்க்கிறது. உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனம் நடைபெறும் பொழுது அது. நட்சத்திரம் அச்சிட்ட நாள்காட்டி ஒன்று இருந்தால் எவரும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

தொலைவு 38,44,00,000 மீட்டர், காலம் 23,60,448 நொடி எனப் பதிலிட்டால் விடை 0.00272. பனம்பழத்தை இழுக்கும் விசையே நிலாவையும் இழுக்கிறது. இக்கணக்குக்குக் கைப்பேசிச் செயலியைவிடத் தாளும் சாதாரண அறிவியல் கணிப்பானும் மேல். அலகு மாற்றத்தைக் கையால் எழுதுகிறவருக்கு அது மனத்தில் பதியும்.

பின்சேர்க்கை: 60-க்குப் பதில் துல்லியமாக 60.34 என எடுத்தால் 0.00269 வருகிறதே என்று வாசகர்கள் கேட்டிருந்தனர். கேள்வி மிகச் சரியானது. நிலாவும் புவியை இழுக்கிறது. அதன் நிறை புவி நிறையில் 81-இல் ஒரு பங்கு. அந்தப் பங்கைக் கூட்டினால் மீண்டும் 0.00272 கிடைக்கும். கெப்ளரின் மூன்றாம் விதியில் இல்லாத இந்த நிறைகளின் கூட்டுத்தொகையைச் சேர்த்தது நியூட்டனின் ஈர்ப்பு விதிதான்.