அடுத்த பிரபஞ்சத்தில் நடக்கும் கதை: எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

நம் பிரபஞ்சம் முடிந்துபோகிறது. அதற்கப்புறம் இன்னொன்று தோன்றுகிறது. கதை அங்கே நடக்கிறது. அறிவியல் புனைவு எழுத உட்காரும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும், வரவேண்டிய ஆசைதான். ஆனால் இப்படி எழுதப்படும் கதைகள் பலவற்றில் அந்த 'அதற்கப்புறம்' சும்மா உட்கார்ந்திருக்கும். புதிய பிரபஞ்சத்தை எடுத்துவிட்டுத் தூரத்துக் கிரகம் ஒன்றைப் போட்டாலும் கதையில் ஒரு வரிகூட மாறாது. பழையதிலிருந்து புதியதற்கு என்ன கடந்து வந்தது என்பதை எழுதுகிறவர் முடிவு செய்யவில்லை என்பதே காரணம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு இதுதான் வேர்.

சின்னத் தவறு ஒன்றை முதலில் சொல்லிக் கடந்துவிடலாம். சூரியன் சாவதைப் பிரபஞ்சத்தின் முடிவாக எழுதாதீர்கள். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் சிவப்பு ராட்சதனாக உப்பும்; பூமியின் கடல்கள் அதற்கு வெகு முன்பே வற்றிவிடும். அதெல்லாம் உள்ளூர்ச் செய்தி. மிகச் சிறிய சிவப்புக் குள்ள விண்மீன்கள் இன்னும் பல லட்சம் கோடி ஆண்டுகள் எரியும்.

எப்படி முடிந்தது என்று சொல்லாமல் 'முடிந்தது' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது இதைவிடப் பெரிய தவறு. அடுத்ததற்கு வாசல் உண்டா, அதன் வழியே எது நுழைய முடியும் என்பதெல்லாம் முடிவின் வகையைப் பொறுத்தது. பிரபஞ்ச விரிவு வேகமெடுத்துக்கொண்டே போகிறது என்று 1998-இல் தெரியவந்த பிறகு, இயற்பியலாளர்கள் அதிகம் பேசுவது வெப்பச் சாவு பற்றி. புதிய விண்மீன்கள் பிறப்பது இன்னும் சுமார் கோடி கோடி ஆண்டுகளில், அதாவது 1-க்குப் பின் 14 சுழியங்கள் போட்ட ஆண்டுகளில், நின்றுபோகும். ஹாக்கிங் 1974-இல் சொன்ன கதிர்வீச்சால் மிகப் பெரிய கருந்துளைகள் கரைந்து தீர வேண்டுமானால் 100 சுழியங்கள் வரை போட வேண்டும். அப்புறம் மெலிந்துகொண்டே போகும் ஒளியும் குளிரும்தான். இதில் கடைசி நாள் என்று ஒன்று வரவே வராது. ஆகவே 'அன்று வானம் வெடித்தது' என்று எழுதிவிட்டு அதற்கு வெப்பச் சாவு என்று பெயர் வைக்கக் கூடாது.

கடைசி நாள் வேண்டுமென்றால் வேறு முடிவுகள் இருக்கின்றன. 2003-இல் ராபர்ட் கால்ட்வெல்லும் இரண்டு சகாக்களும் பெருங்கிழிவு என்ற முடிவை வெளியிட்டார்கள். விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் காலம் போகப் போக வலுத்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. அவர்கள் எடுத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டில் இன்னும் சுமார் 2,200 கோடி ஆண்டுகளில் எல்லாம் கிழிகிறது. அதற்கு 6 கோடி ஆண்டுகள் முன்பு பால்வெளி சிதறுகிறது. 3 மாதம் முன்பு சூரியக் குடும்பம் போன்ற அமைப்புகள் கட்டவிழ்கின்றன. அரை மணி நேரம் முன்பு பூமி போன்ற கோள்கள் சிதறுகின்றன. அணுக்களின் முறை கடைசி நொடியின் ஒரு நுண்ணிய துணுக்கில் வருகிறது. கதைக்காரருக்கு இதைவிட நல்ல கால அட்டவணை யார் தரப்போகிறார்கள்? சிக்கல் என்னவென்றால், இந்த முடிவில் எதுவும் எதனோடும் ஒட்டாது. பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்றால் பெட்டியே இருக்காது.

வெற்றிடச் சிதைவு என்பது, வெற்றுவெளி ஓரிடத்தில் இப்போதையதைவிடத் தாழ்ந்த ஆற்றல் நிலைக்கு விழுந்து, அந்தப் புதிய நிலை ஒரு குமிழியாகப் பரவுவது. இதைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுகிறார்கள். வானத்தில் ஒரு சுவர் நெருங்கி வருகிறது, விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன, நாயகி மொட்டைமாடியில் நின்று பார்க்கிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குமிழி கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் விரிகிறது. அது வருகிறது என்ற செய்தியைக் கொண்டுவர வேண்டிய ஒளியும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். பார்ப்பதற்கு நேரமே இருக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு. குமிழிக்குள் புதிய விதிகளோடு ஒரு புதிய உலகம் பிழைக்கும் என்று ஆசைப்படலாம். இயற்பியலாளர்கள் சிட்னி கோல்மனும் ஃபிராங்க் டி லூச்சியாவும் 1980-இல் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பூஜ்ய ஆற்றலில் இருக்கும் வெற்றிடம் அதற்கும் கீழே இறங்கினால் குமிழியின் உள்வெளி நிலைக்காமல் உடனே நொறுங்குகிறது. அங்கே கதை நடத்த வேண்டுமானால் அந்த நொறுங்கலை எப்படித் தவிர்த்தீர்கள் என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

விரிவது, சுருங்குவது, மறுபடி விரிவது என்ற சுழல் பிரபஞ்சம்தான் எழுதுவதற்கு வசதியானது என்று தோன்றும். அதனால்தான் சோம்பேறித்தனமும் இங்கே அதிகம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் அச்சு அசல் நகல், அதே பூமி, அதே காதலர்கள் மறுபடி சந்திக்கிறார்கள். 1930-களிலேயே இயற்பியலாளர் ரிச்சர்ட் டோல்மன் இதற்கு ஆப்பு வைத்துவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் சேரும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, அடுத்ததற்கும் போகும். அதனால் அடுத்த சுற்று இன்னும் பெரிதாக, இன்னும் நீளமாக இருக்கும். முந்தைய உலகங்களின் கழிவு, நீங்கள் வாழும் காலத்தின் நீளத்தையே தீர்மானிக்கிறது. காதலர்களை விட்டுவிட்டு இதை எழுதலாமே!

அடுத்து, பிறந்த உடனேயே ஊரும் ஆறும் முளைக்கும் பிரபஞ்சம். நம்முடையதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நிமிடங்களில் கிடைத்தவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம். எலும்புக்குக் கால்சியம் இல்லை, பாறைக்கு சிலிக்கான் இல்லை. ஒளி தடையின்றிப் பயணிக்கவே சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆயின. முதல் விண்மீன்கள் தோன்றப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல். விண்மீன்கள் எரிந்து வெடித்துத்தான் மற்ற தனிமங்கள் வெளியே வந்தன. பழைய உலகத்திலிருந்து தப்பி வந்த உங்கள் பாத்திரம் நிற்பதற்கு ஒரு கல் கிடைக்கவே அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதையே கதையாக்குவது ஒரு வழி.

'அங்கே இயற்பியல் விதிகள் வேறு' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் மழை பெய்ய விடுவதும் அடிக்கடி நடக்கிறது. நியூட்ரான் புரோட்டானைவிட வெறும் 0.14 சதவீதம் கனமானது. அதைத் தலைகீழாக்கினால் தனிப் புரோட்டான் நிலைக்காது. சாதாரண ஹைட்ரஜன் போய்விடும், நாமறிந்த தண்ணீரும் அதோடு போகும். அதற்காக எதையும் தொடக் கூடாது என்றில்லை. நான்கு அடிப்படை விசைகளில் ஒன்றான வலுவற்ற விசையே இல்லாத பிரபஞ்சத்தை மூன்று இயற்பியலாளர்கள் 2006-இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மற்ற சில எண்களையும் சேர்த்துத் திருத்தினால் அங்கும் விண்மீன்கள் எரியும் என்று கண்டார்கள். ஒன்றை மாற்றுங்கள், அது எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது என்று கடைசிவரை பின்தொடருங்கள்.

கடந்து வருவது என்ன என்ற கேள்விக்கு நம் ஊர்க் கதைகள் இதைவிடக் கறாராகப் பதில் வைத்திருக்கின்றன. கும்பகோணத் தலபுராணத்தில் பிரளயத்தைத் தாண்டி வருவது அமுதமும் படைப்பின் வித்துகளும் இட்ட ஒரு குடம். சீர்காழியில் இறைவன் 64 கலைகளை ஆடையாக உடுத்தி, பிரணவத்தைத் தோணியாக்கி வருகிறார். அதனால்தான் அது தோணிபுரம். சைவ சித்தாந்தம் இன்னும் கூர்மை. சங்கார காலத்தில், அதாவது எல்லாம் ஒடுங்கும் காலத்தில், உலகம் தன் மூலப்பொருளான மாயையில் ஒடுங்கும், உயிர்கள் அழிவதில்லை, உயிரைப் பிணித்திருக்கும் அழுக்கான ஆணவ மலமும் தீராத வினையும் கூடவே தங்கும். அந்த மலம் தீராமல் இருப்பதால்தான் மறுபடி படைப்பு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்திலேயே இதை வைத்துவிட்டார். அடுத்த உலகம் ஏன் வர வேண்டும் என்பதற்கே இங்கே காரணம் இருக்கிறது. பல புனைவுகளில் அது இருப்பதில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. அதன் முடிவில் வருவது சிறிய பிரளயம். எல்லாம் ஒடுங்கும் மகாபிரளயம் பிரம்மாவின் ஆயுள் முடிவில், சுமார் 311 லட்சம் கோடி ஆண்டுகளில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணை, விண்மீன் பிறப்பு நிற்கும் கோடி கோடி ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டு 'முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்' என்று பாத்திரம் பேசலாம். கதைசொல்லி பேசினால் கதை அங்கேயே பிரசங்கமாகிவிடும்.

மிச்சமிருப்பது, புதிய உலகத்தவர்கள் பழையதைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பது. கனவில் வந்தது, பழைய சுவடி கிடைத்தது என்பதெல்லாம் சுலப வழிகள். 2005 வாக்கில் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் முன்வைத்த கோட்பாட்டில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. அதன்படி, நிறை என்பதே இல்லாமல் போன தொலைதூர எதிர்காலம் நீளம், நேரம் என்ற அளவுகளை மறந்து அடுத்த பெருவெடிப்பாகிறது. நிறையுள்ளது எதுவும் தாண்டாது; கதிர்வீச்சு தாண்டும். பழைய யுகத்தில் ஆவியான பெரிய கருந்துளைகளின் சுவடு, நம் பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியில் சூடான புள்ளிகளாகத் தெரிவதாக அவரும் சகாக்களும் 2018-இல் சொன்னார்கள். அதே தரவைப் பார்த்த மற்ற ஆய்வாளர்கள் தற்செயலாகவே அப்படி வரலாம் என்று மறுத்தார்கள். உங்கள் கதைக்கு இந்தச் சண்டையே போதும். ஒருத்தி வானத்தில் ஒரு புள்ளியைக் காட்டி அது முந்தைய உலகம் என்கிறாள், மற்றவர்கள் வெறும் இரைச்சல் என்கிறார்கள். அவள் சொல்வது சரியாகவே இருந்தாலும், அங்கே ஒரு பெரிய கருந்துளை இருந்து கரைந்தது என்பது மட்டும்தான் அந்தப் புள்ளியிலிருந்து தெரியும். அதைச் சுற்றி யார் வாழ்ந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதையும் அவளைக் கண்டுபிடிக்க வைத்துவிடாதீர்கள்.