அடை முட்டை ஓட்டில் கிருமி நீக்க

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் மழை நாளில் கூட்டுக்குள் கிடக்கும் வைக்கோல் எளிதில் காயாது. அந்த ஈரத்தில்தான் கிருமி பெருகும். வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள். முட்டையை நாளுக்கு மூன்று நான்கு தடவை எடுத்துவிடுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மில்லி, ஆறவைத்த கொதிநீர் 100 மில்லி. கலந்தால் 3 சதவீதம். தண்ணீர் முட்டையை விடச் சூடாக, 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கும், ஓட்டின் நுண்துளை வழியே கிருமியை உள்ளே இழுத்துவிடும். கையுறை போட்டு, எல்லாப் பக்கமும் மெல்லிய பனிபோலத் தெளியுங்கள். துடைக்காமல் தட்டிலேயே காயவிடுங்கள். ஈரத்துணியால் தேய்ப்பது பெருந்தவறு, இயற்கைப் பூச்சு போய்விடும்.

எச்சம் ஒட்டிய இடத்தில் வெள்ளை நுரை பொங்கும். மருந்து அந்த அழுக்கிலேயே செலவாகிறது, கிருமிக்கு மிஞ்சுவதில்லை. சிறு புள்ளியானால் தெளிக்கும் முன்பே உலர்ந்த உப்புத்தாளால் லேசாகச் சுரண்டலாம். அதிகமானால் அடைக்கு வைக்கவே வேண்டாம். அழுகிய ஒரு முட்டை இன்குபேட்டருக்குள் வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெடும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வியர்த்த முட்டையானால், முதலில் வியர்வை காயட்டும். கலவையை அன்றன்றைக்கே தயாரியுங்கள், வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும்.

கிருமி கொல்லும் இரசாயனமான ஃபார்மலின் புகை போடுவது வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணம்.